குடியிருப்போர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. அவற்றில் மூன்று கூட்டங்கள் போதிய உறுப்பினர்கள் வராததால் கலைந்தன. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தினோம். எரியாத தெருவிளக்குகள் நான்கு மாற்றப்பட்டன. பூங்காவின் சுற்றுச்சுவர் வேலை அப்படியே நிற்கிறது.

இனி, குடிநீர் பற்றி. இதற்கு ஏன் இத்தனை நாளும் பணமும் செலவாயின என்று சிலர் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, மூன்றாம் குறுக்குத் தெருவில் பதினோரு நாட்களுக்குள் ஆறு வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்தது. தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்கு உடனே மனு எழுதினேன். “மேல்நிலைத் தொட்டியில் குளோரின் சரியாக இருக்கிறது” என்று பதில் வந்தது. நமக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பதில் பொய்யல்ல என்பது பின்னால் தெரிந்தது.

சங்கப் பணத்தில் ஒரு சோதனைப் பெட்டி வாங்கினோம். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரும் நானும் தண்ணீர் விடும் நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தொட்டியடி தொடங்கித் தெருக்கோடி வரை ஒவ்வொரு குழாயாகப் பார்த்தோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, பயனாளர் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. தொட்டியடியில் 0.5 இருந்தது. முதல் தெருவில் 0.3. மூன்றாம் குறுக்குத் தெருவின் கடைசி வீடுகளில் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் துளியும் ஏறவில்லை, அதாவது குளோரினே இல்லை. அதே வீடுகளின் தண்ணீரை, கழிவுக் கிருமி இருந்தால் கறுக்கும் சோதனைப் பாட்டிலில் பிடித்து வைத்தோம். மறுநாள் காலைக்குள் நான்கில் மூன்று பாட்டில்கள் கரியாகக் கறுத்துவிட்டன. அந்தப் பாட்டில்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் இந்தச் செலவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

அங்கே தோண்டியபோது காரணம் கண்ணெதிரே கிடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட இரும்புக் குழாய்கள் சாக்கடைக் கால்வாய்க்குள்ளேயே படுத்திருந்தன. இணைப்புகள் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தன. தண்ணீர் ஓடும்போது குழாயின் அழுத்தம் சாக்கடையை வெளியே நிறுத்திவிடும். நமக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர். நின்றதும் குழாய் வெறுமையாகி, கால்வாயில் இருப்பது ஓட்டை வழியே உள்ளே ஊறுகிறது. தண்ணீர் வரும் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் அந்த வரிசை முழுவதும் அழுத்தம் போய், பக்கத்து வீட்டு ஓட்டை சாக்கடையை இழுக்கத் தொடங்கிவிடும். மோட்டார் வைத்தவர் வீட்டுத் தொட்டி நிரம்புகிறது. கடைசி வீட்டுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது.

நம் நகரில் இப்படி 23 மோட்டார்களை எண்ணினோம். நேரில் போய்ச் சொன்ன பிறகு 14 வீட்டார் கழற்றிவிட்டார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மற்ற ஒன்பது வீட்டாரின் பெயரை இங்கே எழுதவில்லை. தலைவர் கேட்டுக்கொண்டதால்தான் எழுதவில்லை.

சாக்கடைக்குள் கிடந்த 14 வீட்டு இணைப்புகளை மேலே தூக்கி, புதுக் குழாய் போட்டு மாற்றினோம். செயலாளர் தன் தெருவுக்குச் செய்துகொண்டார் என்று ஒரு பேச்சு உலவியது. என் வீடு முதல் தெருவில் இருக்கிறது. என் குழாயில் குளோரின் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு ஜனவரியில் மீண்டும் சோதித்தபோது கடைசி வீட்டிலும் 0.2 வந்தது. பாட்டில்கள் கறுக்கவில்லை.

“என் மீட்டரில் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 340தான் காட்டுகிறது, பிறகென்ன?” என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கம். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் அளக்கும். கிருமியை அதற்குத் தெரியாது. கறுத்த பாட்டிலின் தண்ணீரும் அதில் 350க்குள்தான் காட்டியது. உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் நம் குழாய்த் தண்ணீருக்கு, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரம் தேவையே இல்லை. அத்தகைய இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது. ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் கிருமிக்குப் போதும்.

ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலப்பவர்கள் கொதிக்க வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. ஐந்து கிணறுகளின் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இரண்டில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. சுற்றிலும் வயலில் யூரியா, வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி. நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவுதான் கூடும். கைக்குழந்தைகளுக்கு அது ரத்தத்தில் பிராணவாயுவைக் குறைத்துவிடும். அந்த இரண்டு வீட்டாரிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். குழாய் வேலையால் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 112 வீடுகளில் 41 வீடுகள் சந்தா கட்டவில்லை. மாதம் ஐம்பது ரூபாய். ஒரு கேன் தண்ணீர் வாங்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுக் குழாய் பெற்ற 14 வீடுகளில் ஆறு வீடுகள் இந்த 41க்குள் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போனேன்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், குழாய்ப் பணியாளர்கள், கோலப்போட்டிக்குப் பரிசு அளித்தவர்கள் அனைவருக்கும் நன்றி. விடியற்காலையில் என்னோடு நடந்த ஆசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி.

இரண்டாம் குறுக்குத் தெருவில் இன்னும் 19 இணைப்புகள் சாக்கடைக்குள் இருக்கின்றன. பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் அவற்றில் பாதியை மழைக்கு முன் மாற்றலாம். இந்தப் பொறுப்பில் ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டேன். வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு விலகுவேன். சோதனைப் பெட்டியும் தெருவாரியான பதிவேடும் என் வீட்டு முன்னறை அலமாரியில் இருக்கின்றன. பெட்டியில் இன்னும் பன்னிரண்டு பாட்டில்கள் மீதம் உள்ளன. அடுத்த சோதனை ஜூன் முதல் ஞாயிறு, காலை ஐந்து மணி, தொட்டியடியில்.

இப்படிக்கு,
செயலாளர்