பெல்டியர் கட்டுப்படுத்தி: முதலில் மின்னோட்ட வரம்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகட்டால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, பி.ஐ.டி. எண்களை (வெப்பநிலைப் பிழைக்கு ஏற்ப மின்னோட்டத்தைத் திருத்தும் விகிதம், தொகையீடு, வகையீடு மதிப்புகளை) விரிவாக விளக்கிவிட்டு, அவற்றுக்கு முன்பே அமைக்க வேண்டிய மின்னோட்ட வரம்பை ஒரே வரியில் கடந்துவிட்டது. தகடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தும் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் கூடும்போது, தகட்டுக்குள்ளேயே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே ஓரளவுக்கு மேல் குளிர்ச்சி குறையத் தொடங்கும். கட்டுப்படுத்தியோ குளிர்ச்சி போதவில்லை என்று கொண்டு மின்னோட்டத்தை மேலும் ஏற்றும். 25 டிகிரியில் நிற்க வேண்டிய என் கருவி ஒருமுறை இப்படித்தான் 40-ஐத் தாண்டியது. தகட்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை. நானோ அரை நாள் பி.ஐ.டி. எண்களையே மாற்றிக்கொண்டிருந்தேன்!

வரம்பை அமைத்த பிறகு, தொகையீட்டை (சேர்ந்துவரும் பிழைக்கு ஏற்பத் திருத்தும் பகுதியை) நிறுத்திவைத்து, வெப்பநிலை சீராக ஊசலாடும் வரை விகித மதிப்பை (அப்போதைய பிழைக்கு ஏற்பத் திருத்தும் எண்ணை) உயர்த்தி, அதில் ஏறக்குறையப் பாதியை வைத்துக்கொண்டு, பின்னரே தொகையீட்டைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நல்லது. சூடாக்கும்போது உள்வெப்பமும் துணை நிற்பதால் தகட்டின் வேகம் மாறும்; எனவே கருவி உண்மையில் இயங்கப்போகும் வெப்பநிலையிலேயே இதைச் செய்ய வேண்டும். வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர் தளர்வாக ஒட்டியிருந்தால் எந்த எண்ணும் உதவாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்