மார்ஃபின் வாங்க மதுரைக்கு ஏன் போக வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் வலி மாத்திரை கடத்தியவர்கள் பிடிபட்டார்கள் என்ற செய்தி நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பிடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் கடத்தல்காரனைப் பார்க்கிற கண்ணாலேயே புற்றுநோயாளியையும் பார்த்தால் எப்படி?

என் சித்திக்கு வாயில் புற்றுநோய். கடைசி மாதங்களில் கன்னம் தலையணையில் பட்டாலே துடித்துப்போவார். ராத்திரி முழுக்கத் திண்ணைத் தூணில் முதுகைச் சாய்த்து, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கியபடி உட்கார்ந்திருப்பார். பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் அந்த வலியிடம் எடுபடவில்லை. அபினியிலிருந்து எடுக்கும், கடும் வலிக்கான மார்ஃபினை உள்ளூர் மருத்துவமனையில் கேட்டால், "அது போதை மருந்து, பழகிப்போகும், இங்கே வைப்பதில்லை" என்றார்கள். இன்னும் சில மாதமே இருக்கப்போகிறவருக்குப் பழகினால்தான் என்ன?

மதுரையில் கிடைத்தது. 10 மில்லிகிராம் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து எழுதினார்கள். சில நாளில் சித்தி கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார், படுத்துத் தூங்கினார். மாத்திரை தீரும் முன்னே சித்தப்பா கடலுக்குப் போகாமல் மறுபடி பஸ் ஏறுவார். தங்கச்சிமடத்திலிருந்து போக வர 300 கிலோமீட்டருக்கு மேல்.

சட்டம் இதைத் தடுக்கவில்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தால் மருத்துவமனைகள் பல துறைகளில் உரிமம் வாங்க அலைந்தது உண்மை. 2014-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம், பயிற்சி பெற்ற மருத்துவர், ஒழுங்கான பதிவேடு இருந்தால் மார்ஃபின் வைக்கலாம். மருந்துக்கான அபினி நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. பக்கத்துக் கேரளாவில் வலி தணிப்பு செவிலியர்கள் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள்.

வலை இழுத்து இடுப்பு விட்டுப்போனவர்களும், பாசி எடுக்கும் பெண்களும் மெடிக்கலில் சீட்டில்லாமல் டிரமடால் என்கிற, மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையை வாங்கிப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. 2018-இல் அதையும் இதே சட்டத்துக்குள் கொண்டுவந்தது சரிதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இந்த வகை மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பலன் குறையும், அளவுதான் ஏறும். அமெரிக்காவில் அப்படி எழுதிக்கொடுத்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன! இவர்களுக்கு முதலில் வேண்டியது பிசியோதெரபியும், கொஞ்ச நாள் ஓய்வெடுக்க வழியும். புற்றுநோய் வலி வேறு கணக்கு.

ராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை அரசு மருத்துவமனைகளில் எப்போதும் மார்ஃபின் இருப்பு இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிறவர்கள், நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிப்போய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியரும் சுகாதாரத் துறையும் இதை உடனே கவனிக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்