சின்னக் கடல்நீர்த் தொட்டியோடு இறாலும் விற்கும் கடைக்காரர்களுக்கு

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரானாலும் வேறு ஊரானாலும், இரண்டடித் தொட்டியில் கடல்நீர் அமைத்துத் தருகிறீர்கள். அறுபது லிட்டர், ஒரு விளக்கு, கொஞ்சம் பாறை, இரண்டு கோமாளி மீன், கூடவே ஒரு துப்புரவு இறால். மீன் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். இறாலும் நத்தையும் நட்சத்திர மீனும் சில நாளில் செத்துவிட்டால், வாங்கியவர் தீனியைக் குறை சொல்லிக்கொண்டு திரும்பவும் உங்களிடமே வருவார். பெரும்பாலும் தீனி காரணமில்லை, தண்ணீர்தான். அந்தப் பிசகு பல நேரம் கடைத் தொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

மீன் தன் உடம்பு உப்பைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் அந்த வசதி கிடையாது. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவுதான். உப்புச் செலவு குறையும், ஒட்டுண்ணித் தொல்லையும் குறையும் என்று கடைத் தொட்டிகளை 1.018, 1.020 அடர்த்தியில் ஓட்டும் வழக்கம் இருக்கிறது. வாங்குபவர் வீட்டில் 1.025. இந்த இடைவெளியை மூட, "சொட்டு சொட்டா ரெண்டு மணி நேரம் விடுங்க" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். நீண்ட நேரம் கட்டிவைத்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பை மூடியிருக்கும்வரை கரியமில வாயு பி.எச். (அமில-காரத் தன்மை) அளவைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அதன் நஞ்சு அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா கடுமையாகும். அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் இறாலை உட்கார வைப்பது பழக்குவது ஆகாது.

ஆகவே முதுகெலும்பில்லா உயிர்களுக்குத் தனித் தொட்டி வையுங்கள். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்திக் கணக்கில் 1.025 முதல் 1.026. அன்றைய அளவைப் பையின் மேலேயே எழுதிக் கொடுங்கள். அப்புறம் வீட்டில் வேலை சுலபம்: சூடு ஒத்துப்போக 15 நிமிடம் பையை மிதக்கவிட்டு, அரை மணி, முக்கால் மணி சொட்டுவிட்டால் போதும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அளக்க ஊசி ஆடும் பிளாஸ்டிக் கருவியை விற்காதீர்கள். ஊசியில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும். ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கொடுங்கள். அதையும் வெறும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் வைத்ததோடு விடாமல், 35 பி.பி.டி. கரைசலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது செம்பு. இறாலின் ரத்தமே செம்பைக் கொண்டுதான் ஆக்சிஜனைச் சுமக்கிறது, ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு அதைக் கொன்றுவிடும். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டியின் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். அந்தப் பாறையைக் கழுவிவிட்டோம் என்று விற்கக் கூடாது. வீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது: உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்த்துத் தரும் ஆர்.ஓ. இயந்திரங்கள் இன்று பல சமையலறைகளில் உண்டு. அந்தத் தண்ணீரும் ஆகாது, செப்புக்குடத்துத் தண்ணீரும் ஆகாது. ஆர்.ஓ.வோடு, மிச்ச உப்பு அயனிகளையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் வைத்து, டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்டும் நீர்தான் வேண்டும். கடற்கரையில் குடம் பிடித்து வருபவர்களிடமும் ஒரு வார்த்தை: ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டிய பிறகு கரையோரக் கடல்நீரில் உப்பு இறங்கியிருக்கும், ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும்.

கொசுவர்த்தி, திரவ கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே பற்றி நீங்கள் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. இவற்றில் பலவற்றில் இருக்கும் பைரித்ராய்டு என்ற நஞ்சு, பூச்சியைக் கொல்வது போலவே பூச்சியின் உறவினரான இறாலையும் நண்டையும் கொல்லும். காற்று பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது? தொட்டி இருக்கும் அறையில் அவை வேண்டாம்.

அறுபது லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக நிஜமான நீர் ஐம்பது லிட்டர் தேறலாம். நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியானால், உப்பு போகாது, நீர் மட்டும் போகும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 என்பது 37ஐத் தாண்டிவிடும். பிறகு பதறிப்போய் மூன்று லிட்டரை ஒரேயடியாக ஊற்றினால் மறுபக்கம் அதிர்ச்சி. நீர்மட்டத்தைக் குறிக்கக் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, காலையும் மாலையும் அரை லிட்டர் நன்னீர் ஊற்றுவதே போதும். குறைந்ததற்கு உப்புநீர் ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும். சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்துச் சூட்டை இறக்குவோர் இன்னும் அடிக்கடி ஊற்ற வேண்டும். 25, 26 டிகிரிக்குள் நிறுத்த முடியாதவருக்குச் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் தொட்டியை விற்காதீர்கள்.

தொட்டி வாங்கிய அன்றே இறாலும் வேண்டாம். அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த பிறகு முதலில் இரண்டு நத்தை, அப்புறம் இறால். டிரோக்கஸ் நத்தை கொடுங்கள், கவிழ்ந்தால் தானாகப் புரண்டுகொள்ளும். ஆஸ்ட்ரியா வகை நத்தை பல நேரம் கவிழ்ந்த இடத்திலேயே சாகும், அந்த ஒரு பிணமே இவ்வளவு சிறிய தொட்டியைக் கெடுக்கும். இறால் சட்டை உரித்தால், செத்துவிட்டது என்று அலறிப் போன் வரும். உரித்த தோலை அப்படியே விடச் சொல்லுங்கள், இறால் ஓரிரு நாள் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வரும். அயோடின் புட்டியை அதற்கு மருந்தாக நீட்ட வேண்டாம்.

நீல நட்சத்திர மீனைச் சின்னத் தொட்டிக்கு விற்கவே கூடாது. மேய இடமில்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து கரையும். ஸோவா என்ற பொத்தான் போன்ற மென்பவளத்தை விற்கும்போது ஒரு ஜோடி கையுறையும் சேர்த்துக் கொடுங்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஸோவா ஒட்டிய பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்தால் ஆவியை மூச்சில் இழுத்தவர் மருத்துவமனைக்குப் போக நேரும்.

பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடலட்டை எல்லாம் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தவை. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பாறை என்று யாராவது மூட்டையோடு வந்தால் வாங்காதீர்கள். அதற்குப் பதில் காய்ந்த அரகோனைட் (ஒரு சுண்ணாம்புக் கனிமம்) பாறையை விற்கலாம்; அதில் நுண்ணுயிர் ஏறச் சில வாரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இத்தனையும் ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கும். தமிழில் அச்சடித்து, தொட்டி விற்கும்போது ரசீதோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் சிலர்