பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு நன்றி

2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு பாய்ந்து அண்ணாவின் இடுப்பெலும்பும் சலப்பையும் சிதைந்தன. கொழும்பில் சீரமைப்புச் சத்திரசிகிச்சை நடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நீங்கள், முன்னாள் இராணுவ வீரர். மிதிவெடியில் அதே இடத்தில் காயப்பட்டவர்.

இந்தச் சத்திரசிகிச்சையில் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்துச் சலப்பையோடு தைத்துப் பெரிதாக்குவார்கள். குடல் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். சலப்பையைக் கழுவாவிட்டால் குழாய் அடைக்கும், கல்லும் வரலாம். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானே கதீற்றர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சலம் எடுக்கவேண்டும். தாதிமார் எவ்வளவோ பொறுமையாகச் சொல்லியும் அண்ணா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள்தான் திரையை இழுத்துவிட்டு, தெரிந்த கொஞ்சத் தமிழில், தம்பி என்று கூப்பிட்டுச் செய்து காட்டினீர்கள். ஆண்கள் இதை வாய்விட்டுப் பேசுவதே இல்லை, ஐயா. நீங்கள் பேசினீர்கள். அண்ணா இப்போது வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறித் தனியாகவே யாழ்ப்பாணம் போகிறார்.