லாரியண்ணன் சாவுக்கு நீ வரல

டேய் குவாச்சி,

நலம், நலமறிய ஆவல். வாட்சாப்புல உனக்கு நாலு வரி தட்டினேன், அழிச்சேன், திரும்பத் தட்டினேன், அதையும் அழிச்சேன். கடைசியில பேத்தியோட பள்ளிக்கூட நோட்டுல தாளைக் கிழிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாதே, கண்புரை ஆபரேஷனை இன்னும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்.

நம்ம தோட்டத்து லாரி ஓட்டின லாரியண்ணன் செத்துப் போனதுக்குக் குரூப்புல ஒரு கும்பிடுற கை போட்டே. அவ்வளவுதான். ஜோகூர்லேருந்து தெலுக் இந்தானுக்கு அஞ்சாறு மணி நேரம், முட்டிவலி, எல்லாம் சரி. போன வருஷம் மகள் கூப்பிட்டாள்னு ஒசாக்கா எக்ஸ்போவுக்குப் பறந்தியே, அப்ப அந்த முட்டி எங்கடா போச்சு? சண்டைக்கு எழுதல. கொஞ்சம் சண்டைக்கும்தான்.

எரிச்சு முடிச்சிட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மகனும் நானும் பட்டணத்துல அரிசிமாவுச் சுருள், அதான் சீ சியோங் ஃபன், வாங்கப் போனோம். மணிக்கூண்டு நம்மளை மாதிரியே சாஞ்சு நிக்குது, ஆனா விழல. 1885-லேருந்து நிக்குதுன்னு பலகை போட்டிருக்கான். அப்படியே பின் ரோட்டுப் பக்கம் நடந்தோம். நம்ம தியேட்டர் இருக்குடா! ஜன்னலெல்லாம் செங்கல் வச்சு அடைச்சு, சின்னச் சின்ன ஓட்டை விட்டிருக்கான். உள்ள சூப்புக்கு விக்கிற பறவைக்கூடு வளக்குறானாம். கீச்சு கீச்சுன்னு ஓயாத சத்தம். நான் பறவைன்னு நினைச்சேன். கீழ்க்கடைச் சீனன் ஆப்பே சிரிக்கிறான்: பாதிக்கு மேல ஸ்பீக்கராம், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நிஜப் பறவை வருமாம். வெளிய சத்தம் மட்டும் கேட்குது, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியல, கையில டிக்கெட் இல்லாம அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறேன். பதினொரு வயசுல நின்ன அதே நிலைமைதான்.

தலை கோட்டுக்குக் கீழ இருந்தா அரை டிக்கெட்டுன்னு ஒரு தூண் இருந்துச்சே, ஞாபகமிருக்கா? சாயம் உரிஞ்சு கிடந்த இடத்தைக் கார்ச் சாவியால சுரண்டினேன். பச்சை, அதுக்குக் கீழ மஞ்சள், அதுக்கும் கீழ வெள்ளை, அதுல ஒரு விரக்கடை நீளத்துக்குச் சிவப்புக் கோடு. இப்ப என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல வருது. இதுக்கா உங்கப்பா கைலியைத் தரையில புரளப் புரளக் கட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள முட்டியை மடக்கிக்கிட்டு வாத்து மாதிரி நடந்தோம்! டிக்கெட் கிழிக்கிறவன் டார்ச் லைட்டால என் மண்டையில தட்டி, "எழுந்து நில்லு"ன்னு மலாய்ல சொன்னப்ப, "நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்"னு நீ பதில் சொன்னியே, மடையா. இப்ப நான் அதைச் சொன்னதும் வாத்தியார் மகன் சிரிச்சுச் சிரிச்சு நடுரோட்டுல குந்திட்டான்.

இனிமே எழுதப்போறதை உட்கார்ந்து படி.

எம்ஜிஆர் வாத்தியாரோட 'உலகம் சுற்றும் வாலிபன்' நம்ம ஊருக்கு வந்த அந்தச் சனிக்கிழமை. தமிழ்நாட்டுல 1973-ல வந்த படம், நமக்கு வந்து சேர்ந்தப்ப அஞ்சாம் வகுப்பு. கோணி விரிச்ச லாரியில தோட்டமே ஏறிச்சு. அம்மாமார் எவ்வளவு பவுடர் அப்பினாலும் ரப்பர் ஒட்டுப்பால் வாசம் போகல, பக்கத்து வரிசைக்காரன் நகர்ந்து உட்கார்ந்தான். ஒசாக்கா எக்ஸ்போ திரையில வந்ததும், "பெரியாளானதும் நான் அங்க போவேன்"னு பெஞ்சு மேல ஏறி நின்னே. போயிட்டே, ஒத்துக்கிறேன். படம் விட்டதும் எல்லாரும் லாரிக்கு ஓட, நாம கக்கூஸுக்குள்ள ஒளிஞ்சு அடுத்த ஆட்டத்தையும் பார்த்தோம்.

அண்ணன் பன்னெண்டாங்கட்டைத் தோட்டம் வரைக்கும் போயி, ஆளை இறக்கி விட்டு, உங்கம்மா அலறினதைக் கேட்டு திரும்பி வந்தார். கச்சான் கடலை வண்டிகூட கிளம்பிட்ட ரோட்டுல நம்ம ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு நின்னோம். நாலு அறை விழும்னு பார்த்தா, "வாத்தியார் நல்லா சண்டை போட்டாரா?"ன்னுதான் கேட்டார். நமக்குத் தெரிஞ்ச கதை இவ்வளவுதானே?

மீதியை அண்ணி சொன்னாங்க. கேட்காம, எண்ணெய்க்குக் கணக்கில்லாம, ராத்திரியில ரெண்டாவது தடவை லாரியை எடுத்தார்னு மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுலயே சாவியைப் பிடுங்கிட்டாங்களாம். ரெண்டு மாசம் மருந்தடி. பம்பை முதுகுல மாட்டிக்கிட்டு லாலான் புல்லுக்கு மருந்தடிச்சு, சாயங்காலம் வந்தா கை நகமெல்லாம் மஞ்சளா இருக்குமாம், அண்ணிதான் சோறு பிசைஞ்சு ஊட்டினாங்களாம். "பையனுங்க காதுக்குப் போகக்கூடாது, அப்புறம் படம் பார்க்கவே வரமாட்டானுங்க"ன்னு லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சாராம். ஐம்பது வருஷத்துக்கு மேல ஒருத்தரும் வாயைத் திறக்கல.

குவாச்சி, அந்த ரெண்டு மாசமும் நாம லாரியில படத்துக்குப் போனோமேடா. புது டிரைவர் வேகமா ஓட்டுறான்னு கைதட்டிக்கிட்டுப் போனோம். அண்ணன் ஏன் ஓட்டலன்னு நான் கேட்டதா ஞாபகமே இல்ல. நீ கேட்டியா? கேட்டிருந்தா எழுது. எனக்கு மூணு ராத்திரியா தூக்கமில்ல.

இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில நீ அனுப்பின ஒசாக்கா போட்டோவை அவருக்குக் காட்டினேன். மூக்குல டியூபோட ரொம்ப நேரம் பார்த்தார். "வாத்தியார் நின்ன இடம் எது?"ன்னு கேட்டார். இது யுமேஷிமா தீவு, 1970-ல நடந்தது சுய்த்தாங்கிற வேற இடத்துலன்னு நீ எழுதியிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் உன் தலைக்குப் பின்னால விரலை வச்சு, "இங்கதாண்ணே"ன்னு சொல்லிட்டேன்.

கருமகிரியை வர்ற ஞாயித்துக்கிழமை. அண்ணி உன் பேரைச் சொல்லியே கேட்டாங்க. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு கிள்ளானுக்கு வந்துடு, அங்கேருந்து மகன் காடியில போயிடலாம். முன் சீட்டு உனக்கு, முட்டியை மடக்க வேணாம்.

பேத்தி நோட்டைத் தேடுறா, நிறுத்துறேன்.

உன்
ஒட்டுப்பால்