சான்றை எடைபோடும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு மருந்து மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்னும் செய்தியைப் படிக்கையில், நூறு பேரில் இருவருக்கு வரக்கூடியது ஒருவருக்கு என்றானாலும் அது பாதிதான் என்பதையும், அந்த ஒருவரைக் காக்க நூறு பேர் மருந்து உட்கொள்ள வேண்டும் என்பதையும் நான் கற்பித்த இறுதியாண்டு மருத்துவ மாணவர்களில் பலர் கவனித்ததில்லை. அது அவர்களின் குற்றமன்று. தேர்வில் நாம் மருந்தின் பெயரையும் அளவையும் கேட்கிறோம். அது பலன் தரும் என்பதற்கான ஆய்வுச் சான்றின் தரத்தைக் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இது சென்னைக்குப் புதிய பாடமன்று. சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கினால்தான் காசநோய் குணமாகும் என்று பரவலாக நம்பப்பட்ட காலத்தில், 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் சானடோரியத்தில் தங்குவோர், வீட்டில் இருப்போர் என இரு பிரிவாக்கி ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்து, போதிய உணவும் ஓய்வும் இல்லாமல் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டது. உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய அந்த ஆய்வை நம் மாணவர்கள் வரி வரியாகப் படித்திருக்க வேண்டாமா?

வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, நோயாளிகளை எவ்வாறு பிரித்தார்கள், இடையில் விலகியவர்கள் எத்தனை பேர், செலவை ஏற்றவர் யார் என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்டுப் பழக வேண்டும். செய்முறைத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆசிரியர்,
சென்னை.