மேல்தாடைக்குக் கணக்கு வேறு

ஐயா,

பற்கள் முழுவதையும் இழந்த முதியோருக்கான இம்பிளான்ட் பல்செட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகுகள் தாங்கும் பல்செட்) பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கண்டேன். கீழ்த்தாடைக்கு 2 இம்பிளான்ட் போதும் என்றதோடு அது நின்றுவிட்டது. மேல்தாடை எலும்பு மென்மையானது. அதற்கு மேலே சைனஸ் எனும் காற்றறையும் உண்டு. எனவே கழற்றி மாட்டும் பல்செட்டுக்கே அங்கு பொதுவாக 4 தேவைப்படும். எலும்போடு அவை இறுகச் சில மாதங்கள் ஆகும். என் தந்தையாருக்கு (இடியாப்பம் போன்ற சந்தகையைக்கூடப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உண்பவர்) மேல்தாடைக்கும் முதலில் 2 இம்பிளான்டுக்குத்தான் விலை சொன்னார்கள். முன்பணம் கட்டி, சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே கணக்கு இரட்டிப்பானது.

முன்பணம் வாங்குமுன் ஸ்கேன் எடுத்து, எண்ணிக்கை, காலம், மொத்தச் செலவு ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தருவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்கலாம்.

- வாசகர், கோபிசெட்டிபாளையம்